கடைக்காரர் இல்லாத கடை

செல்போன் சந்தா விற்கும் வேலை மனிதர்களிடமிருந்து கிளவுட் மென்பொருளுக்குக் கைமாறிவிட்டது. இணைப்பு நிமிடங்களில் கிடைக்கிறது. ஆனால், எந்த விலை, ஏன் அந்த விலை என்ற விவரம் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தியாவில் டெலிபோன் வாங்குவது என்பது வீடு கட்டுவதைவிட நீண்ட விவகாரம். விண்ணப்பம் கொடுக்க வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும். பிறகு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் கூடுதல் பணம் கட்டி முன்னால் நகர்வதற்கென்றே 'ஓ.ஒய்.டி.' என்ற தனி வரிசையை அரசே வைத்திருந்தது. 1994-ல் வெளியான தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, நாட்டில் 100 பேருக்கு 0.8 தொலைபேசிதான் இருப்பதாக ஒப்புக்கொண்டது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசி, நாட்டின் செல்போன் சேவையைத் தொடங்கி வைத்தார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். தனக்கு வரும் அழைப்புக்கும் சந்தாதாரர்தான் பணம் தர வேண்டும்.

இன்று சுமார் 120 கோடி இணைப்புகள். செல்போன் வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்பணம் கட்டும் ப்ரீபெய்ட் சந்தாதாரர்கள். கடைக்குப் போனால் கட்டைவிரல் ரேகை, ஒரு புகைப்படம், சில நிமிடம், இணைப்பு தயார். கடைக்கே போக வேண்டாம் என்றால் சிம் வீட்டுக்கு வருகிறது. இந்த மாற்றத்துக்குக் கோபுரங்களும் கைபேசிகளும் மட்டும் காரணமல்ல. விளம்பரத்தில் ஒருபோதும் முகம் காட்டாத இன்னொரு காரணம் உண்டு: சந்தாவை விற்று, கணக்கு வைத்து, இணைப்பைத் திறந்துவிடும் மென்பொருள்.

அண்மைக் காலத்தில் அதிகம் மாறியிருப்பதும் இந்த மென்பொருள்தான். முன்பு ஒவ்வொரு டெலிகாம் நிறுவனமும் தன் கட்டடத்தில் தன் கம்ப்யூட்டர்களில் இதை ஓட்டிக்கொண்டிருந்தது. இப்போது அது கிளவுடுக்குப் போகிறது. அதாவது, எங்கோ உள்ள தகவல் மையத்தில் வாடகைக் கம்ப்யூட்டர்களில் மென்பொருள் ஓடும். விற்பனையாளர் இணையம் வழியாக அதைப் பயன்படுத்துவார். மென்பொருளும் சந்தாதான். சந்தா விற்பவர்களே சந்தாதாரர்களாகிவிட்டார்கள்.

இந்தியாவுக்கு இந்த யோசனை புதிதல்ல. பாரதி நிறுவனம் 2004-லேயே தன் கம்ப்யூட்டர் பணிகளை 10 ஆண்டு ஒப்பந்தத்தில் ஐ.பி.எம். வசம் ஒப்படைத்தது. சுமார் 75 கோடி டாலர் மதிப்பு என்று கணிக்கப்பட்ட அந்த ஒப்பந்தத்தில், வருமானத்தில் ஒரு பங்கு என்ற முறையில் கூலி பேசப்பட்டது. டெலிகாம் நிறுவனம் தன் மூளையையே வெளியாருக்குக் கொடுத்துவிடுவதா என்று அப்போது உலகமே வியந்தது. இன்று அது சாதாரணம். இத்தகைய மென்பொருளை உருவாக்கி உலகுக்கு விற்பதிலும் இந்தியர்களுக்குப் பெரிய பங்குண்டு. மகிந்திராவும் பிரிட்டிஷ் டெலிகாமும் 1986-ல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனமே இன்றைய டெக் மகிந்திரா. இஸ்ரேலில் பிறந்த அம்டாக்ஸ், புனேயில் பெரிய அலுவலகம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் சேல்ஸ்ஃபோர்ஸ் 2020-ல் விளாசிட்டி என்ற நிறுவனத்தைச் சுமார் 133 கோடி டாலருக்கு வாங்கி, டெலிகாம் நிறுவனங்களுக்கான தனிக் கிளவுட் மென்பொருளோடு களத்தில் இறங்கியது.

மென்பொருள் என்ன செய்கிறது?

மளிகைக் கடையை நினைத்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது. முதலில் சரக்குப் பட்டியல். பேச்சு, டேட்டா, நாட்கள், சினிமா பார்க்கும் ஆப், தள்ளுபடி ஆகியவைதான் டெலிகாம் கடையின் சரக்குகள். பழைய முறையில் ஒரு புதிய திட்டம் கொண்டுவர வேண்டுமானால், பில் போடும் கம்ப்யூட்டரில் புரோகிராமர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், வாரங்கள் ஓடிவிடும். புதிய மென்பொருளில் இவை தனித்தனித் துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விற்பனைப் பிரிவில் இருப்பவர் புரோகிராமரின் உதவி இல்லாமலே துண்டுகளைச் சேர்த்து ஒரு புதிய திட்டத்தை உருவாக்கிவிடலாம். நாட்டில் உள்ள 22 தொலைத்தொடர்பு வட்டங்களில் எதெதில் அது கிடைக்கும், யார் யாருக்குத் தகுதி, எந்தத் தேதியோடு முடியும் என்ற நிபந்தனைகளையும் அவரே குறித்துவிடலாம்.

அடுத்தது விலை சொல்வது. தனிமனிதருக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால், 300 கிளைகள் உள்ள ஒரு வங்கிக்கு இணைப்பு தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வேகம், ஒரு முகவரி, ஒரு விலை. எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்பதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேறு. முன்பு இந்த விலைப்புள்ளியைத் தயாரிக்க எக்செல் தாள்கள் மேஜைக்கு மேஜை பயணம் செய்தன. புதிய வசதிகளில் பெரும்பகுதி இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது: நூற்றுக்கணக்கான முகவரிகளை ஒரே தடவையில் ஏற்றுவது, விலையைத் தானே கணக்கிடுவது, எல்லை மீறிய தள்ளுபடியை நிறுத்தி ஒப்புதலுக்கு அனுப்புவது.

மூன்றாவது, ஆர்டர். வாடிக்கையாளர் 'சரி' என்றதும் மென்பொருள் அதைப் பல வேலைகளாகப் பிரிக்கிறது. ஓர் எண்ணை ஒதுக்க வேண்டும். சிம்மை நெட்வொர்க்கில் பதிய வேண்டும். கணக்கு திறக்க வேண்டும். கூடவே தரும் ஆப் நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதில் ஒன்று சிக்கினாலும், பணம் கட்டியவருக்குச் சேவை வராது. இப்படி நடுவழியில் நிற்கும் ஆர்டர்கள் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. எங்கே சிக்கியிருக்கிறது என்று காட்டி, முழுவதையும் திரும்பச் செய்யாமல் அந்த ஒரு வேலையை மட்டும் மறுபடி முடுக்கிவிடும் வசதிகள் இப்போது வந்துவிட்டன. மாத நடுவில் திட்டத்தை மாற்றினால் இத்தனை நாளுக்கு இந்த விலை, மீதி நாளுக்கு அந்த விலை என்று பிரித்துப் பில் போடுவதும் தானாக நடக்கிறது.

சேல்ஸ்ஃபோர்ஸ் தன் மென்பொருளை ஆண்டுக்கு மூன்று முறை, குளிர்காலம், வசந்தம், கோடை என்று பருவங்களின் பெயரில் புதுப்பிக்கிறது. அண்மைப் பருவங்களின் கதாநாயகன் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளரோடு உரையாடுவது, கேள்விக்குப் பதில் சொல்வது, 'இவருக்கு அடுத்து எதை விற்கலாம்' என்று யோசனை சொல்வது எல்லாமே இயந்திரத்தின் பொறுப்பாகி வருகின்றன.

வசதி மெய்யானது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. 2016 செப்டம்பர் 5 அன்று சேவை தொடங்கிய ஜியோ, 170 நாட்களில் 10 கோடி சந்தாதாரர்களைச் சேர்த்தது. சராசரியாக நொடிக்கு ஏழு பேர். காகித விண்ணப்பத்தையும் ஜெராக்ஸ் பிரதிகளையும் வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் இதைச் செய்திருக்க முடியாது. ஆதார் வழியாக ஆளை உறுதி செய்யும் முறையும், அதைத் தாங்கிப்பிடித்த மென்பொருளும்தான் இதைச் சாத்தியமாக்கின.

ஒரே 'சரி'யில் இரண்டு வேலை

ஆனால், அதே வேகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்பது 2017-ல் வெளிப்பட்டது. சிம் கார்டை உறுதி செய்ய வந்த ஏர்டெல் சந்தாதாரர்கள் பலருக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டிருந்தது. சமையல் எரிவாயு மானியம் வழக்கமான வங்கிக் கணக்குக்குப் போகாமல் அந்தப் புதிய கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் மானியம் ஏன் வரவில்லை என்று தேடியவர்களுக்கு, தங்கள் பெயரில் இன்னொரு கணக்கு இருப்பதே தெரியாது. டிசம்பரில் ஆதார் ஆணையம் நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது. சுமார் 190 கோடி ரூபாயைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்தப் பேமெண்ட்ஸ் வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை, பாஸ்வேர்டு திருடவில்லை. ஒரு சம்மதத்துக்குள் இன்னொரு சம்மதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காகித விண்ணப்பமாக இருந்தால் இரண்டாவது கையெழுத்து கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று வாடிக்கையாளர் கேட்டிருப்பார். திரையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரை இப்படிப் பயன்படுத்தத் தடை போட்டது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, விருப்பத்தின் பேரில் ஆதாரைத் தரலாம் என்று வழி செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை, சரிபார்ப்பு ஒன்றுக்கு 1 ரூபாய் கட்டணத்தில் இந்த முறையை மீண்டும் அனுமதித்தது. 2024 ஜனவரி 1 முதல் காகித முறையே கைவிடப்பட்டது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த மடிப்பு வேலையோடு பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. காலர் ட்யூன், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி என்ற பெயர்களில் கேட்காத சேவைகளுக்குப் பணம் பிடிக்கப்படுவதாகப் புகார்கள் குவிந்தபோது, 2013 ஜூலையில் அது ஓர் உத்தரவு போட்டது. மதிப்புக் கூட்டிய சேவை எதுவானாலும் வாடிக்கையாளர் இரண்டு முறை 'சரி' சொன்னால்தான் தொடங்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. மென்பொருளின் போக்கில் ஒரு கூடுதல் கதவு. அவ்வளவுதான். ஆனால், அந்தக் கதவைப் போடுவதற்கு அரசாங்கத்தின் கை தேவைப்பட்டது.

மாதம் என்றால் 28 நாளா?

28 நாள் திட்டமும் இதே வகைதான். மாதச் சம்பளம் வாங்குபவர் மாதத்துக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்வதாக நினைத்துக்கொள்கிறார். 28 நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 முறை. புகார்கள் வந்த பிறகு, 2022 ஜனவரியில் டிராய் தலையிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது தர வேண்டும் என்றது. நாள்காட்டி மாதத்தைக் கணக்கிடுவது எந்த மென்பொருளுக்கும் பெரிய வித்தையல்ல. கடையில் அந்தச் சரக்கு இல்லாமல் இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல.

பேச மட்டும் செல்போன் வைத்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசமாக இருந்தது. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டில் வைஃபை உள்ள முதியவர்களும், இரண்டாவது சிம்மை அழைப்புக்கு மட்டும் வைத்திருப்பவர்களும் தனி. ஆனால், தனியார் நிறுவனங்களின் முக்கியத் திட்டங்கள் எல்லாவற்றிலும் டேட்டா ஒட்டிக்கொண்டே வந்தது. துண்டு துண்டாக அடுக்கப்பட்ட பட்டியலில் டேட்டா என்ற துண்டை எடுத்துவிட்டு விற்பது ஒரு நிமிட வேலை. அதையும் யாரும் செய்யவில்லை. 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது கட்டாயம் வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் வந்தன. முதலில் அறிவித்த விலைகள் அதிகம் என்ற முணுமுணுப்பு எழுந்ததும், சில நாட்களிலேயே ஏர்டெல்லும் ஜியோவும் அவற்றைக் குறைத்தன. விலையை மாற்றுவது எவ்வளவு எளிதாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆளுக்கொரு விலை

இதுவரை சொன்னவை எல்லோருக்கும் பொதுவான, பலகையில் எழுதிய விலைகள். இவற்றை நிறுவனங்கள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். இணையதளத்தில் வெளியிட வேண்டும். டிராயின் தளத்திலேயே வெவ்வேறு நிறுவனங்களின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய மென்பொருள் கொண்டுவந்திருக்கும் உண்மையான மாற்றம், பலகையில் எழுதப்படாத விலை.

ரீசார்ஜ் கடைக்காரர்கள் இதை 'ஆர்-ஆஃபர்' என்பார்கள். கடைக்காரர் தன் ஆப்பில் உங்கள் எண்ணைத் தட்டினால், உங்கள் எண்ணுக்கு மட்டும் உரிய சலுகைகள் வரிசையாக வரும். பக்கத்தில் நிற்பவரின் எண்ணுக்கு வேறு வரிசை. எவ்வளவு பேசுகிறீர்கள், எத்தனை நாளாக ரீசார்ஜ் செய்யவில்லை, விட்டுப் போய்விடுவீர்களா என்பதையெல்லாம் பார்த்து இயந்திரம் சலுகையைத் தீர்மானிக்கிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. அதற்காக 1900 என்ற எண்ணுக்கு 'போர்ட்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பிய பலருக்கு, அதுவரை கண்ணில் படாத சலுகைகள் திடீரென்று வந்திருக்கின்றன. விளைவு: பத்தாண்டாக முணுமுணுக்காமல் பணம் கட்டியவரைவிட, கோபித்துக்கொண்டு புறப்பட்டவருக்கு விலை குறைவு.

இது சரியா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2018 பிப்ரவரியில் டிராய், இப்படிப் பிரித்துப் பிரித்துத் தரும் சலுகைகளின் விவரத்தையும் தனக்குத் தர வேண்டும் என்றது. ஒரே வகைச் சந்தாதாரர்களிடையே பாகுபாடு கூடாது, கட்டணம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். இவை கட்டணத் திட்டங்களே அல்ல, போட்டியாளருக்குத் தெரியக்கூடாத வியாபார உத்திகள் என்றன ஏர்டெல், வோடஃபோன் ஐடியா நிறுவனங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டெலிகாம் தீர்ப்பாயம் நிறுவனங்கள் பக்கம் நின்றது. டிராய் மேல்முறையீடு செய்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விவரங்களை டிராய்க்குத் தரும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அவற்றை ரகசியமாக வைத்திருக்கும்படி டிராய்க்கும் சொன்னது. ஆக, நிறுவனத்துக்கு விலை தெரியும். ஆணையம் கேட்டால் அதற்கும் தெரியும். பணம் கட்டுபவருக்குத் தன் விலை தெரியும். அடுத்தவர் விலையும் தெரியாது, இந்த விலை ஏன் என்பதும் தெரியாது.

பேரம் பேசுவது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். காய்கறிச் சந்தையில் ஆளுக்கொரு விலைதானே? ஆனால், சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது காதில் விழுகிறது. இங்கே ஒரு தரப்பின் கையில் கோடிக்கணக்கான சந்தாதாரர்களின் பழக்கவழக்கக் கணக்கு இருக்கிறது. இன்னொரு தரப்பின் கையில் ஒரு திரை. பேரத்தின் முதல் நிபந்தனையே இங்கு இல்லை. ஆப் பார்க்கத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்கத் தெரிந்தவர், விட்டுவிட்டுப் போவேன் என்று மிரட்டத் தெரிந்தவர் ஆகியோருக்கே சலுகை போய்ச் சேர்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் கிழவி பலகை விலையைக் கட்டுகிறாள்.

சட்டம் இந்தப் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காத சரக்கைக் கூடையில் நுழைப்பதும், சந்தாவில் சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவதும் அவற்றில் அடக்கம். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும், விவரம் தெரிந்து, தெளிவாகத் தரப்பட வேண்டும் என்கிறது. தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், தந்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அந்த அவகாசத்தில் செய்யக்கூடியவை பல. தொழில்நுட்பம் தடையல்ல. ஆர்டர் எங்கே சிக்கியது என்று ஊழியருக்குக் காட்டும் மென்பொருள், இந்த விலை எந்த அடிப்படையில் வந்தது என்று வாடிக்கையாளருக்கும் காட்ட முடியும். எல்லை மீறிய தள்ளுபடியை நிறுத்தி மேலதிகாரியைக் கேட்கும் மென்பொருள், ஒரு சம்மதத்தோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் நிறுத்தி வாடிக்கையாளரைக் கேட்க முடியும். விட்டுப் போகப் பார்ப்பவருக்குத் தரும் சலுகையை, பத்தாண்டு இருப்பவருக்கும் காட்ட முடியும். ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கும் வேலைதான். டிராயின் வேலையும் இதற்கேற்ப மாற வேண்டும். அச்சிட்ட கட்டண அட்டவணையை வாங்கிப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. அந்த அட்டவணையை உருவாக்கும் நிபந்தனைகளை அது படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையே சந்தாதாரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் தன் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம்; தனக்குத் தெரியாத இணைப்பைப் பற்றிப் புகார் செய்யலாம். ரீசார்ஜ் செய்யும் முன் கடைக்காரரிடம், "என் எண்ணுக்கு என்ன ஆஃபர் இருக்கிறது?" என்று கேட்கலாம். கேட்பவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை என்று ஆகிவிட்ட கடையில், கேட்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.